கொழும்பில் வீட்டுக்கு வரும் பார்சல் களவு போகாமல் வாங்குவது எப்படி: ஓர்டர் போடுவது முதல் முறைப்பாடு வரை

பார்சல் களவு என்றதும் பலர் முதலில் செய்வது கமரா விலை விசாரிப்பது. கமரா கடைசி வேலை. எனக்குத் தெரிந்து காணாமல் போன பார்சல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போயிருக்கின்றன: ரைடரின் கையை விட்டு இறங்கி, சொந்தக்காரரின் கைக்கு வந்து சேருமுன், கேட்டடியிலோ மாடிப்படியிலோ செக்கியூரிட்டி மேசையிலோ ஆளில்லாமல் கிடந்த நேரத்தில். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த நேரத்தை இல்லாமல் செய்யத்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் பார்சல் பதிவேட்டை நான் கவனித்து வருகிறேன். படிக்கவும் வேலைக்குமென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் புதிதாகக் குடிவரும் பிள்ளைகள் எங்கே சிக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஒழுங்கு உருவானது. வரிசையை மாற்றாதீர்கள். முகவரி பிழையாக இருந்தால் பதிவேடு உதவாது. வாங்க ஆள் இல்லாவிட்டால் முகவரி சரியாக இருந்தும் பயனில்லை.

1. ஓர்டர் போடுமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வீட்டின் சரியான மதிப்பீட்டு இலக்கம், அதாவது மாநகர சபை வீட்டுக்குக் கொடுத்த இலக்கம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் வாயால் சொன்ன முகவரியையே எழுதுகிறார்கள். கரண்ட் பில்லையோ தண்ணீர் பில்லையோ ஒருமுறை வாங்கிப் பார்த்து, அதிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, இரண்டு தொலைபேசி இலக்கங்கள். ஒன்று உங்களுடையது. மற்றது பகலில் உண்மையாகவே வீட்டில் இருக்கும் ஒருவருடையது. உங்களுடைய இரண்டாவது சிம் இதற்குக் கணக்கில் வராது, ஏனென்றால் நீங்கள் கூட்டத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் எடுபடாமல் போகும்.

மூன்றாவது, கைக்கு வரும்போது காசு கொடுத்து வாங்கும் பார்சல் (கேஷ் ஒன் டெலிவரி) என்றால் சரியான சில்லறை. சில்லறை மாற்ற மேலே வீட்டுக்கு ஓடும் நேரத்தில் பார்சல் மதில் மேல் இருக்கும்.

2. யார் கையில் வாங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் தவறவிடும் படி இதுதான். பொருளைத் தெரிவு செய்கிறார்கள், காசு கட்டுகிறார்கள், பார்சல் வந்துவிட்டது என்று அழைப்பு வந்த பிறகுதான் யார் வாங்குவது என்று யோசிக்கிறார்கள். அப்போது ரைடர் கேட்டில் நிற்கிறார், அவருக்கு இன்னும் எத்தனையோ வீடு போக வேண்டும். அந்த அவசரத்தில் வாயில் வரும் பதில், "அதிலேயே வைத்துவிட்டுப் போங்கள்." களவுக்கு வழி திறப்பது அந்த வார்த்தைதான்.

வேலைக்குப் போகிறவர் என்றால், வேலையிடத்துக்கே வரவழைப்பதுதான் என் முதல் தெரிவு. கோட்டை, கொள்ளுப்பிட்டிப் பக்கத்து அலுவலகங்களில் வரவேற்பு மேசையில் ஆள் இருக்கும், நீங்களும் அதே கட்டடத்தில் இருப்பீர்கள். பார்சல் வாங்க அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகளுக்கு இது சரிவராது. அதைத் தூக்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் ஏற முடியாது.

அடுத்தது அயலவர். பகலில் வீட்டில் இருக்கும் ஒரு அன்ரியோ அங்கிளோ எல்லா மாடியிலும் இருப்பார். பொதுவாக "ஏதும் வந்தால் எடுத்து வையுங்கோ அன்ரி" என்று சொல்லி வைப்பது போதாது. எந்த நாள், எந்தக் கடையிலிருந்து, காசு கட்டியாயிற்றா இல்லையா என்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். காசு கட்ட வேண்டியதென்றால் காசையும் முதலே கொடுத்து வையுங்கள். அயலவரின் கைக்காசில் பார்சல் வாங்கும் பழக்கம் உறவைக் கெடுக்கும்.

மூன்றாவது, தெரிந்த கடை. ஒழுங்கை முனையில் இருக்கும் பலசரக்குக் கடைக்காரரோ கொமினிகேஷன் கடைக்காரரோ வழமையாகச் சாமான் வாங்குபவருக்கு இந்த உதவியைச் செய்வார். கடை காலையிலிருந்து இரவு வரை திறந்திருப்பது பெரிய வசதி. விலை கூடிய பொருளை மட்டும் அங்கே விடாதீர்கள். போகிற வருகிற எல்லோரும் கை வைக்கும் மேசை அது.

இவை ஒன்றும் இல்லையென்றால், நிறுவனத்தின் சேகரிப்பு நிலையத்திலேயே போய் எடுங்கள். டராஸ் போன்ற தளங்களில் ஓர்டர் போடும்போதே அந்தத் தெரிவு வரும். கூரியர் நிறுவனங்களின் கிளைகளிலும் கேட்டால் பிடித்து வைப்பார்கள். அடையாள அட்டையோடு போனால் சரி. போடிங்கில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதையே முதலில் சொல்வேன். பத்துப் பேர் வந்து போகும் வீட்டில், வாசல் மேசையில் இருக்கும் பெட்டிக்கு யாரும் பொறுப்பில்லை.

3. முகவரியைத் தெரியாதவர் படித்தாலும் வந்து சேரும்படி எழுதுங்கள்

பிழையான வீட்டில் இறங்கும் பார்சலைக் களவு என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வராவிட்டால் நட்டம் ஒன்றுதான். கொழும்பு முகவரியில் மூன்று இடங்களில் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

ஒன்று, சாய்கோடு. 42/1 என்பது பெரும்பாலும் 42ஆம் இலக்கக் காணியிலிருந்து பிரிந்த இன்னொரு வீடு, அதே ஒழுங்கையின் உட்பக்கமாக இருக்கும். 42 1/1 என்பது 42ஆம் இலக்கக் கட்டடத்தின் முதலாம் மாடியில் உள்ள முதல் வீடு. ஓர்டர் படிவத்தில் இடைவெளி விடாமல் 421/1 என்று அடித்துவிட்டால் ரைடர் 421ஆம் இலக்கத்தைத் தேடிப் போவார். அதனால் மாடியைச் சொல்லால் எழுதுங்கள்: "இலக்கம் 42, முதலாம் மாடி, வீடு 1."

இரண்டு, ஒரே பெயர் கொண்ட வீதிகள். ஸ்டேஷன் ரோட் என்று வெள்ளவத்தையிலும் உண்டு, பம்பலப்பிட்டியிலும் உண்டு, தெஹிவளையிலும் உண்டு. வீதிப் பெயரை நம்பி விட்டுவிடாமல் கொழும்பு இலக்கத்தையும் தபால் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளவத்தை கொழும்பு 6, குறியீடு 00600. பம்பலப்பிட்டி கொழும்பு 4, 00400. கொட்டாஞ்சேனை கொழும்பு 13, 01300. தெஹிவளையில் இருந்துகொண்டு, வெள்ளவத்தை பக்கத்தில்தானே என்று கொழும்பு 6 போடுகிறவர்கள் பலர். தெஹிவளைக்குக் குறியீடு 10350. குறியீடு மாறினால் பார்சல் வேறு கிளைக்குப் போய், அங்கே கிடந்து, கை மாறி மாறி வரும். அப்படி மாறும் கை ஒவ்வொன்றும் அது தொலையக்கூடிய இன்னொரு இடம்.

மூன்று, எந்தப் பக்கம் என்பது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் சில கட்டடங்களுக்கு மரைன் டிரைவ் பக்கமும் வாசல் இருக்கும். செக்கியூரிட்டி ஒரு வாசலில், ரைடர் மற்ற வாசலில் நிற்பார். "காலி வீதியிலிருந்து இறங்கினால் இடப்பக்கம் மூன்றாவது கட்டடம், பச்சை கேட்" என்பது போல ஒரு வரி எழுதுங்கள். வரைபடத்தில் புள்ளி போடும்போதும் பெரிதாக்கிப் பார்த்துப் போடுங்கள். ஒழுங்கைகள் நெருக்கமாக இருப்பதால் புள்ளி அடுத்த ஒழுங்கையில் போய் விழுவது சாதாரணம்.

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துத் தோட்டங்கள் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே இலக்கத்தின் கீழ் பல வீடுகள் இருக்கும். அங்கே உள்ளே வரச் சொல்லாமல், தோட்டத்து வாயிலில் நின்று அழைக்கச் சொல்லி, நீங்களே வெளியில் வந்து வாங்குவதுதான் நல்லது. உள்ளே தேடித் திரியும் ரைடர் யார் கை நீட்டினாலும் கொடுத்துவிட்டுப் போகக்கூடும்.

4. காசு எப்போது கட்டுவது

காசு கையில் வாங்கும் பார்சலை ரைடர் கேட்டில் விட்டுவிட்டுப் போகமாட்டார். காசு கிடைக்காமல் அவருக்கு வேலை முடியாது. அதனால் அது களவுபோகும் வாய்ப்பு மிகக் குறைவு. கேட்டடியில் அநாதையாகக் கிடப்பவை பெரும்பாலும் முதலே காசு கட்டிய பார்சல்கள்.

அதற்காக எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். அதில் வேறு ஆபத்து இருக்கிறது. யாரும் ஓர்டர் போடாத பார்சல் உங்கள் பெயரில் வரும். வீட்டில் இருக்கும் அம்மா, பிள்ளை ஓர்டர் போட்டிருக்கும் என்று நினைத்து 2,000, 3,000 ரூபாய் கொடுத்து வாங்குவார். திறந்தால் பழைய துணி. வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முன்கூட்டிச் சொல்லாத பார்சலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ரைடர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஓர்டர் போட்டவரை அழைத்துக் கேட்ட பிறகுதான் பணப்பையை எடுப்பது.

முதலே கட்டுவதென்றால் அட்டையால் கட்டுங்கள். பார்சல் வராவிட்டால் வங்கியிடம் அந்தக் கொடுப்பனவை மறுத்து முறையிட ஒரு வழி இருக்கிறது. பேஸ்புக் பக்கக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேரே போட்ட காசைத் திரும்ப எடுப்பது மிகவும் கடினம். புதிய பக்கத்தில் முதல் தடவை வாங்கும்போது, காசு கொடுத்து வாங்கும் வசதி இல்லையென்றால், நான் வாங்குவதில்லை.

5. அழைப்பை எடுங்கள், ஆனால் இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியில் கொடுக்காதீர்கள்

தெரியாத இலக்கங்களை எடுப்பதில்லை என்ற பழக்கம் நல்லதுதான். பார்சல் வரும் நாளில் மட்டும் அதைத் தளர்த்த வேண்டும். ரைடர் இரண்டு முறை அழைத்துப் பார்ப்பார். எடுக்காவிட்டால் ஒன்று திருப்பிக் கொண்டுபோவார், அல்லது தன் விருப்பத்துக்கு எங்காவது வைப்பார்.

கொழும்பில் ரைடர்களில் பலர் சிங்களத்தில் பேசுவார்கள். அவசரத்தில் விளங்காமல் "ஹரி, ஹரி" என்று சொல்லிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. "கேட் எக்க லங்க தியன்னத?" என்று கேட்டால், கேட்டுக்குக் கிட்ட வைக்கவா என்று அர்த்தம். அதற்கு ஹரி சொன்னால் பார்சல் தெருவில். சொல்ல வேண்டியது: "எப்பா, அத்தட்டம தென்ன. மம எனவா." வேண்டாம், கையிலேயே தாருங்கள், வருகிறேன். செக்கியூரிட்டியிடம் கொடுக்கச் சொன்னால், "பொத்தே லியவன்ன" என்று சேர்த்துச் சொல்லுங்கள். புத்தகத்தில் எழுதுவியுங்கள் என்பது. இந்த இரண்டு வரியையும் வீட்டில் பார்சல் வாங்கும் எல்லோருக்கும் பழக்கி வையுங்கள்.

சில சேவைகள் பார்சலைக் கையளிக்கும்போது சொல்லவென்று ஓர் இரகசிய இலக்கம் அனுப்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை ரைடர் முன்னால் நிற்கும்போது, பார்சலைப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். தொலைபேசியில் முதலே சொல்லிவிட்டால், பார்சல் வந்து சேர்ந்ததாகப் பதிவாகிவிடும், பிறகு நீங்கள் வாதாட ஒன்றும் இராது.

இதே பெயரில் மோசடியும் நடக்கிறது. "பார்சல் உறுதிப்படுத்த உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வரும். அந்தக் குறுஞ்செய்தியைத் திறந்து முழுதாகப் படியுங்கள். அதில் வட்ஸ்அப் என்றோ வங்கியின் பெயரோ இருந்தால், அது உங்கள் கணக்கைக் கைப்பற்றும் முயற்சி. இலங்கைத் தபாலின் பெயரில், முகவரி முழுமையில்லை, இந்த இணைப்பில் சிறு தொகை கட்டுங்கள் என்று வரும் செய்திகளும் அந்த வகைதான். உங்களுக்குத் தபாலில் ஏதாவது வரவிருந்தால், இணைப்பைத் தொடாமல் தபாலகத்திலேயே கேளுங்கள். இணைப்பில் அட்டை விபரம் கொடுத்துவிட்டால் உடனே வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துங்கள், பிறகு இணைய மோசடி முறைப்பாடுகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101க்குச் சொல்லுங்கள்.

6. தொடர்மாடி என்றால்: பதிவேடும் பூட்டிய அலுமாரியும்

எங்கள் கட்டடத்தில் நிலைமையை மாற்றியது ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி. செக்கியூரிட்டி அங்கிள் முன்பெல்லாம் பார்சல்களை மேசைக்குக் கீழே அடுக்கி வைப்பார். யாராவது வந்து "நாலாம் மாடி பார்சல்" என்றால் எடுத்துக் கொடுப்பார். நாலாம் மாடியில் அவர் இருக்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? களவெடுக்க வருபவர் பூட்டு உடைக்கத் தேவையில்லை, மாடி இலக்கம் ஒன்று தெரிந்தால் போதும். அது பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும்.

கொப்பியில் நாங்கள் வைத்த நிரல்கள்: திகதி, வந்த நேரம், வீட்டு இலக்கம், பெட்டியில் உள்ள பெயர், கூரியர் நிறுவனம், பார்சல் இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள், வாங்கி வைத்தவர் கையொப்பம், எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், கையொப்பம். இவ்வளவும் வேண்டுமா என்று முதலில் எல்லோரும் கேட்டார்கள். பார்சல் இலக்கம் கட்டாயம் வேண்டும். ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று பார்சல் வந்தால், எது வந்தது எது வரவில்லை என்று அதை வைத்துத்தான் சொல்லலாம். பெயரை மட்டும் நம்ப முடியாது, ஒரு கட்டடத்தில் எத்தனை பிரியா, எத்தனை சிவா.

பார்சலை எடுக்க வருபவர் அந்த வீட்டு ஆள் என்று செக்கியூரிட்டிக்கு முகம் தெரியாவிட்டால், வீட்டுக்கு இன்டர்கொமில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இன்டர்கொம் இல்லாத இடத்தில் வீட்டு இலக்கமும் தொலைபேசி இலக்கமும் கொண்ட பட்டியல் ஒன்றை மேசைக்குள் ஒட்டுங்கள். மேசைக்குள், சுவரில் வேண்டாம். "தம்பி எடுக்க வருவான்" என்றால் வீட்டுக்காரர் முதலே சொல்லி வைக்க வேண்டும்.

ஷிப்ட் மாறும் நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து பார்சல்களை எண்ணி, கொப்பியில் கோடு போட்டு எண்ணிக்கையை எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். இதைச் செய்யாத கட்டடத்தில் பார்சல் தொலைந்தால், பகல் ஆள் இரவு ஆளைச் சொல்வார், இரவு ஆள் பகல் ஆளைச் சொல்வார். அநியாயமாக ஒரு ஏழை மனிதரின் வேலை போகும். பதிவேடு அவர்களுக்கும் பாதுகாப்பு என்று சொல்லித்தான் நாங்கள் அவர்களைச் சம்மதிக்க வைத்தோம், உண்மையும் அதுதான்.

அலுமாரிக்குப் பூட்டு போடுங்கள், திறப்பு கடமையில் இருப்பவரிடம் மட்டும் இருக்கட்டும். காசு கட்ட வேண்டிய பார்சலென்றால், தொகையையும் வீட்டு இலக்கத்தையும் எழுதிய உறையில் காசைப் போட்டு, கொப்பியில் பதிந்து கொடுங்கள். நகை, தொலைபேசி, மடிக்கணினி போன்றவற்றைச் செக்கியூரிட்டியிடம் விடுவதில்லை என்று குடியிருப்பாளர் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள். அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் அவருக்கு ஏதாவது கொடுங்கள். அவருடைய வேலை ஒப்பந்தத்தில் பார்சல் வாங்குவது இல்லை.

7. தனி வீடு, அனெக்ஸ் என்றால்: பூட்டுப் பெட்டி

செக்கியூரிட்டி இல்லாத வீட்டில், கேட்டுக்கு உட்பக்கமாகச் சுவரோடு பொருத்திய ஒரு பெட்டி நல்ல வேலை செய்யும். கேட்டின் கம்பி வழியாகவோ மதில் மேலாகவோ ரைடர் கை எட்ட வேண்டும், தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது.

எளிய முறை: திறந்த ஆமைப்பூட்டு ஒன்றைப் பெட்டியில் தொங்கவிடுங்கள். ரைடர் பார்சலை உள்ளே வைத்து, பூட்டை அமத்திவிட்டுப் போவார். திறப்பு உங்களிடம். ஒரு பார்சலுக்குத்தான் இது சரி. ஒரே நாளில் இரண்டு வருமென்றால், மேலே சரிவான வாய் வைத்த பெட்டி செய்விக்க வேண்டும். போடலாம், கைவிட்டு எடுக்க முடியாது.

இரண்டு விடயம் மறக்கப்படுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அடியில் தண்ணீர் வடியத் துளையும், பொருள் நிலத்தில் படாமல் உள்ளே ஒரு தட்டும் வையுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் சாதாரண இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். பூட்டே திறபடாமல் போகும். துருப்பிடிக்காத இரும்பு அல்லது நன்றாகப் பெயின்ட் அடித்த தகடு வாங்குங்கள். பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். ஓர்டர் படிவத்தில் எழுதும் குறிப்பை ரைடர் படிப்பார் என்று நம்பாமல், அழைக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

பெட்டி செய்ய வசதியில்லாவிட்டால் சப்பாத்துத் தட்டு, மீட்டர் பெட்டி, பூச்சாடிக்குப் பின்னால் என்று இடம் சொல்லாதீர்கள். தேடுகிறவர் முதலில் பார்ப்பதும் அங்கேதான்.

8. கையில் வாங்கும் நிமிடம்

கையொப்பமிடுமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டுநாடா இரண்டு தடவை ஒட்டியிருக்கிறதா, மூலை பிரிந்து திரும்ப மூடியிருக்கிறதா, பாரம் குறைவாக இருக்கிறதா? முழுப் பெட்டியும் போவதை விட, உள்ளே இருந்த பொருள் மட்டும் போய், பெட்டி வந்து சேர்வது கண்டுபிடிக்கக் கடினம். சந்தேகம் இருந்தால் ரைடர் நிற்கும்போதே படம் எடுங்கள், கையொப்பத்துக்குப் பக்கத்தில் "பொதி சேதம்" என்று எழுதுங்கள், அல்லது வாங்காமல் திருப்பி விடுங்கள்.

திறப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஆறு பக்கமும் காட்டி, முகவரிச் சீட்டைப் படிக்கும் அளவுக்குக் கிட்டக் காட்டி, பிறகு வெட்டித் திறவுங்கள். பாதி திறந்த பிறகு தொடங்கிய வீடியோவை விற்பவர் ஏற்கமாட்டார். தொலைபேசி வாங்கினால் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ இலக்கமும் (ஒவ்வொரு தொலைபேசிக்கும் உரிய தனி இலக்கம்), கருவியில் *#06# அடித்தால் வரும் இலக்கமும் ஒன்றா என்று அதே வீடியோவில் காட்டுங்கள்.

முகவரிச் சீட்டைக் கிழித்துவிட்டுப் பெட்டியைக் குப்பையில் போடுங்கள். பெயர், வீடு, தொலைபேசி இலக்கம், என்ன வாங்கினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். போலிப் பார்சல் அனுப்புகிறவருக்கு வேண்டியதும் அவைதான்.

9. இப்போது கமரா

கமரா களவைத் தடுக்காது, யார் எடுத்தார் என்று சொல்லும். அதற்கும் முகம் தெரிய வேண்டும். கூரையின் மூலையில் உயரமாகப் பொருத்தினால் ஹெல்மட்டின் மேற்பக்கம்தான் பதிவாகும். கேட்டைப் பார்த்தபடி தலை உயரத்துக்குச் சற்று மேலே, கை எட்டாதபடி பொருத்துங்கள்.

கமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டை மட்டும் நம்பினால், கமராவோடு அதுவும் போகும். பதிவு இணையத்திலும் சேமிக்கப்படும்படி வையுங்கள். கரண்ட் போனாலும் அது நிற்காமலிருக்க, கமராவுக்கும் ரௌட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் (பற்றரியில் ஓட வைக்கும் கருவி) வாங்கி வையுங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும் என்பதால், ஏதாவது காணாமல் போனால் அன்றைக்கே அந்தத் துண்டைத் தொலைபேசிக்கு எடுத்து வையுங்கள். கமராவில் நேரம் சரியாக ஓடுகிறதா என்பதையும் இடைக்கிடை பாருங்கள்.

10. வெளிநாட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் வருபவை

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் பிள்ளை அம்மாவின் பிறந்தநாளுக்குக் கொழும்புக் கடையில் கேக்கும் பூவும் ஓர்டர் போடும்போது, தொடர்பு இலக்கமாகத் தன் வெளிநாட்டு இலக்கத்தைப் போடுவது வழமை. ரைடர் அதற்கு அழைக்கமாட்டார். பெறுபவரின் உள்ளூர் இலக்கம் கட்டாயம். திடீர் மகிழ்ச்சி கொடுக்க ஆசையென்றால், அம்மாவுக்குச் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்காவது சொல்லி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வரும் ஒடியல் மா, கருவாடு, பனங்கட்டிப் பெட்டிகளுக்கும் இதே விதிதான். பஸ் இலக்கமும் நடத்துநரின் தொலைபேசி இலக்கமும் அனுப்புபவர் வாங்கித் தர வேண்டும். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் உங்கள் பெயரும் இலக்கமும் எழுதச் சொல்லுங்கள். விடியற்காலையில் பஸ் வருமுன் நீங்கள் காலி வீதியில் நிற்க வேண்டும். பிந்தினால் பெட்டியை நடைபாதையில் இறக்கிவிட்டு பஸ் போய்விடும்.

11. போய்விட்டால்: முதல் நாளில் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்

முதலில் உண்மையாகவே காணவில்லையா என்று பாருங்கள். செக்கியூரிட்டி, கீழ்வீடு, மேல்வீடு, அதே இலக்கமுள்ள அடுத்த ஒழுங்கை வீடு. கையளிக்கப்பட்டது என்று செய்தி வந்தும் பார்சல் இல்லையென்றால், ரைடரையே அழைத்து யாரிடம், எந்த கேட்டில் கொடுத்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கள்வன் என்ற பேச்சோடு தொடங்கினால் அவர் தொலைபேசியை வைத்துவிடுவார். நினைவில் இருக்கும் விபரமும் போய்விடும்.

அடுத்து விற்பவருக்கும் கூரியருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். கையளித்ததற்கான ஆதாரத்தை, அதாவது படத்தையோ கையொப்பத்தையோ, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தொலைபேசியில் முறையிட்டால் இலக்கம் ஒன்று தருவார்கள், குறித்து வையுங்கள். அட்டையால் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கிக்கும் சொல்லுங்கள். இதற்குக் கால எல்லை உண்டு, வங்கிக்கு வங்கி மாறும்.

கமராப் பதிவில் ஆள் தெரிந்தாலோ, பொருள் விலை கூடியதென்றாலோ, சம்பவம் நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஆள் அந்த இடத்திலேயே நின்றால் 119. பற்றுச்சீட்டு, பார்சல் இலக்கம், வீடியோத் துண்டு, தொலைபேசியென்றால் ஐஎம்இஐ இலக்கம் இவற்றோடு போங்கள். தமிழ் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், கையொப்பமிடுமுன் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். வங்கியும் கூரியரும் பிறகு கேட்பது அதைத்தான்.

விற்பவர் பொறுப்பைத் தட்டிக் கழித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். முறைப்பாட்டை எழுத்திலும் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று விற்பவர் இழுத்துக்கொண்டு போவதற்கு இடம் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டும், விற்பவரோடு நடந்த வட்ஸ்அப் உரையாடலும், காசு கட்டியதற்கான அத்தாட்சியும் இணைக்க வேண்டும். விற்பவர் தான் அண்மையில் அனுப்பிய செய்திகளை உங்கள் தொலைபேசியிலிருந்தும் அழித்துவிட முடியும். அதனால் முறைப்பாடு எழுத உட்காருமுன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, திகதி தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள்.